வன்னி வீதிகளுக்குக் கிரவல் சைக்கிள்: பிரேம் தெரிவு செய்வதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏ9 காபெற் வீதியில் மாங்குளம் வரை வந்து, ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பி, அங்கிருந்து ஏதாவது ஒரு கிளைவீதிக்குள் இறங்கிப் பாருங்கள். கொஞ்சத் தூரத்திலேயே தார் முடிந்து கிரவல் தொடங்கும். பிறகு குளக்கட்டு, வாய்க்கால் ஓரம், மாட்டு வண்டில் தடம், கடற்கரை நெருங்கினால் மணல். வன்னியில் ஒரு காலைப் பயணத்துக்குள் இத்தனையும் வந்துவிடும். ஒல்லி டயர் போட்ட ரேசிங் சைக்கிள் இதில் பாதி வழியிலேயே தடுமாறும். பாரமான மவுண்டன் பைக் எல்லா இடமும் போகும்தான், ஆனால் காபெற் வீதியில் எதிர்க்காற்றுக்குள் ஆளைக் களைக்க வைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது கிரவல் சைக்கிள்: வளைந்த ஹாண்டில், டிஸ்க் பிரேக், 40 மில்லிமீற்றரை அண்டிய டயர்.

இந்த வழிகாட்டி பிரேமைப் பற்றியது மட்டும்தான். டயர், சீற், கியர், ஹாண்டில் எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். பிரேமை மாற்ற முடியாது. எவ்வளவு அகல டயர் போகும், எந்தச் சில்லு பூட்டலாம், கரியர் பூட்ட இடம் உண்டா, பழுதானால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ திருத்தலாமா என்பதையெல்லாம் அது முதல் நாளிலேயே முடிவு செய்துவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னிக்குப் பிரேம் எடுப்பவர் முதலில் டயருக்கு உள்ள இடத்தைப் பார்க்க வேண்டும். அடுத்தது உடம்புக்குப் பொருந்தும் அளவு. அப்புறம் உள்ளூரில் திருத்தக்கூடிய அமைப்பு. எந்த உலோகம் என்பது அதற்கும் பிறகுதான். நிறையைக் கடைசியில் வைக்கலாம். விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லும்.

முதற்படி: எந்த மண்ணில் ஓடப் போகிறீர்கள்?

சாதாரணமான ஒரு கிழமையில் நீங்கள் உண்மையில் போகும் பாதைகளை ஒரு தாளில் எழுதுங்கள். கனவுப் பயணங்கள் வேண்டாம். வேலைக்கும் கோயிலுக்கும் வயலுக்கும் போகிற வழி, ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், இவை போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அங்கே என்ன மண் என்று குறியுங்கள்.

வன்னி முழுக்க ஒரே தரையில்லை. நடுப்பகுதியில் செம்பழுப்பு மண். அதன்மேல் கொட்டிய கிரவல் கோடையில் உருண்டு வழுக்கும். வாகனம் ஓடி ஓடி அலையலையாக மேடுபள்ளம் விழும். துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கருங்களி வேறு விதம். காய்ந்தால் வெடித்துக் கல்லாக இறுகும், நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு சில்லைச் சுற்ற விடாது. முல்லைத்தீவுக் கரையோரம் மணல். பரந்தனிலிருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகும் வீதியில் மட்டும் ஓடுபவருக்கும், துணுக்காய் வயல்வெளிக்குள் மாரியிலும் ஓடுபவருக்கும் ஒரே பிரேம் சரிவராது.

மாரி மாதங்களை, அதாவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்தை, தனியாக எழுதுங்கள். அந்தக் காலத்தில் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிடுவீர்களா, ஓடுவீர்களா என்பது அடுத்த படியில் பெரிய வித்தியாசத்தைச் செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்கள் வழமையாகப் போய்வரும் தடத்தை விட்டுக் காட்டுக்குள் புதுவழி தேடாதீர்கள். முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை நெடுங்காலம் நடந்தது. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஊராரைக் கேட்டு ஓடுங்கள். காட்டோர வீதிகளில் விடியப்புறமும் பொழுது சாயும் நேரமும் யானை வரும். எவ்வளவு நல்ல பிரேம் எடுத்தாலும் இந்த இரண்டுக்கும் அது பதில் ஆகாது.

இரண்டாம் படி: டயருக்கு எவ்வளவு இடம்?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கிரவலில் உடம்புக்கு வரும் அதிர்வைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. நல்ல பிரேம்கூட மேல்கீழாக ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் வளையும். 45 மி.மீ. டயர், காற்றைக் கொஞ்சம் குறைத்தால், கல்லின் மேல் ஏறும்போது அதைவிடப் பல மடங்கு அமுங்கிக் கொடுக்கும். ஆகவே ‘இந்தப் பிரேம் மெத்தென்று இருக்கும்’ என்று கடைக்காரர் சொன்னால், அதில் எத்தனை மில்லிமீற்றர் டயர் போகும் என்று திருப்பிக் கேளுங்கள்.

70 கிலோ நிறையுள்ள ஒருவர் ரியூப் போட்ட 45 மி.மீ. டயரை கிரவலில் சுமார் 35 பிஎஸ்ஐ காற்றில் ஓடலாம். அதே ஆள் 32 மி.மீ. டயரில் ஓடினால் 55 அளவில் அடிக்க வேண்டும். குறைத்தால் கல்லில் றிம் இடித்து ரியூப் இரண்டு இடத்தில் வெட்டுப்படும். 55 பிஎஸ்ஐ அடித்த ஒல்லி டயரோடு குளக்கட்டில் ஓடிப் பார்த்தவருக்குக் கை மரத்துப் போவது தெரியும்.

வன்னிக்கு நான் சொல்லும் அளவு இது. பெரும்பாலும் தார், இடைக்கிடை கிரவல் என்றால் 40 மி.மீ. போகும் பிரேம் போதும். பாதிக்குப் பாதி என்றால் 45. மணல், களி, குளக்கட்டு என்று எல்லா இடமும் போவீர்கள் என்றால் 50. இடைவெளி கூடிய பிரேமில் ஒல்லி டயர் போடலாம். இடைவெளி குறைந்ததில் அகல டயர் போட முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் ஒரு படி பெரியதை எடுங்கள்.

கம்பனி சொல்லும் உச்ச அளவை அப்படியே நம்ப வேண்டாம். 40 என்று எழுதிய டயர் அகலமான றிம்மில் 42 ஆக விரியும். சில்லு சற்று நெளிந்தால் இன்னும் ஒன்றிரண்டு மி.மீ. போய்விடும். டயருக்கும் பிரேமுக்கும் இடையில் இரண்டு பக்கமும் குறைந்தது 5 மி.மீ. வேண்டும், களிமண் பக்கம் என்றால் 8 ஆவது வேண்டும். பின்சில்லுக்கும் பெடல் அச்சுக்கும் நடுவில் உள்ள இடம்தான் எப்போதும் இறுக்கமானது; அங்கேதான் சேறு முதலில் அடையும். அடைந்த சேற்றில் உள்ள மணல் அரத்தைப் போல வேலை செய்து பெயின்ற்றை உரித்துவிடும். கார்பன் பிரேம் என்றால் நாரையே தேய்க்கத் தொடங்கும்.

மட்காட் போட்டால் இடைவெளி இன்னும் குறையும். 45 போகும் பிரேமில் மட்காட்டோடு 40தான் வசதியாகப் போகும். கருங்களிக்குள் மட்காட்டே சேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், துணுக்காய்ப் பக்கம் மாரியில் அதைக் கழற்றிவிடுவதுதான் நல்லது.

மூன்றாம் படி: எந்தச் சில்லு?

டயரின் பக்கச் சுவரில் 40-622 போல ஓர் எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது டயர் உட்காரும் றிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். கடையில் 28, 29, 700சி என்று எத்தனை பெயர் சொன்னாலும் இந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 700சியும் 29 அங்குல மவுண்டன் பைக் சில்லும் ஒரே 622தான். 650பியும் 27.5 அங்குலமும் ஒரே 584. பழைய 26 அங்குல மவுண்டன் பைக் 559. ஊரில் ஓடும் பெரிய கறுப்புச் சைக்கிளின் 28 அங்குலச் சில்லு 635; அந்த டயர் 700சியில் ஏறாது. பெயரை மட்டும் கேட்டு டயர் வாங்கினால் இங்கேதான் காசு போகும்.

பெரும்பாலானவர்களுக்கு 622 சரி. கல்லிலும் பள்ளத்திலும் பெரிய சில்லு இலகுவாக ஏறி இறங்கும், 29 அங்குல மவுண்டன் பைக் டயர் ரியூப்களும் அவசரத்துக்கு உதவும். உயரம் குறைந்தவர்களுக்கு 584 நல்லது. காரணத்தை அளவு பற்றிய படியில் சொல்கிறேன். சில பிரேம்கள் இரண்டையும் ஏற்கும். அப்படி மாற்றும்போது பெடலின் உயரமும் மாறும். 622இல் 40 மி.மீ. டயர் போட்டால் மொத்த விட்டம் 702 மி.மீ., 584இல் 47 போட்டால் 678. அதாவது பெடல் 12 மி.மீ. கீழே இறங்கும். மாட்டுக் குளம்புக் குழிகள் காய்ந்து இறுகிய வயல்பாதையில் அந்த 12 மி.மீ.க்குப் பெடல் தரையில் இடிக்கும்.

559 சில்லுள்ள பழைய மவுண்டன் பைக் பிரேமையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களுக்குள், முன்பக்கம் ஸ்பிரிங் இல்லாத குரோமொலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு) இரும்புப் பிரேம்கள் சில வேளை கிடைக்கும். அகல டயருக்குத் தாராளமான இடம், கரியர் பூட்டும் துளைகள், எந்தச் சிறு நகரத்திலும் கிடைக்கும் டயர், குறைந்த விலை. வளைந்த ஹாண்டில் பூட்ட நினைத்தால் இரண்டு விடயம் கவனியுங்கள். அந்தப் பிரேம்களின் பார் நீளமானது என்பதால் கை எட்டாமல் போகலாம். அவற்றில் றிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கும் வி பிரேக்கும் சாதாரண ரேசிங் பிரேக் பிடியும் ஒன்றோடொன்று பொருந்தாது, பிடி இழுக்கும் கம்பி நீளம் போதாது. நேர் ஹாண்டிலோடே விட்டுவிட்டால் இரண்டு பிரச்சினையும் இல்லை. கையில் காசு குறைந்த மாணவருக்கு நான் முதலில் சொல்வது இப்படி ஒரு பிரேமைத்தான்.

நான்காம் படி: அளவு

பிழையான அளவில் எடுத்த விலைகூடிய பிரேமைவிட, சரியான அளவில் எடுத்த மலிவான பிரேம் ஆயிரம் மடங்கு நல்லது.

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கிடையில் சீற்றில் இருப்பதுபோல இறுக்கி வையுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் உங்கள் உட்கால் நீளம். அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பகுதி வரையான உயரம் ஓரளவுக்குக் கிடைக்கும். உட்கால் 76 செ.மீ. என்றால் சீற் உயரம் 67 செ.மீ. அளவில் வரும். அந்த உயரத்துக்குச் சீற்றை ஏற்றி இறக்க இடமுள்ள பிரேம்தான் உங்களுக்குரியது. பாரின் மேல் நின்றால் காலுக்கும் பாருக்கும் இடையில் 5 செ.மீ. ஆவது இருக்க வேண்டும். மணலில் சில்லு புதைந்தால் சட்டென்று கால் ஊன்ற வேண்டி வரும்.

S, M, L எழுத்துகளுக்குப் பதிலாக ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவைக் கேளுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒரு கம்பனியின் நடுத்தர அளவு இன்னொன்றின் சிறிய அளவாக இருக்கும். ஸ்டாக் என்பது பெடல் அச்சிலிருந்து ஹாண்டில் குழாயின் மேல்முனை வரையான நேர் உயரம். ரீச் என்பது அதே இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான கிடைத் தூரம். இப்போது நோவில்லாமல் ஓடும் சைக்கிள் ஒன்று உங்களிடம் இருந்தால், மேசனிடம் தூக்குக்குண்டு வாங்கி, சுவரோரமாக அதை நிமிர்த்தி வைத்து இந்த இரண்டையும் நீங்களே அளக்கலாம். வாங்கப் போவது அதைவிட ஸ்டாக் குறைந்ததாக இருந்தால் முதுகு கூடுதலாக வளையும். நாலைந்து மணித்தியாலம் ஓடுபவருக்கு ஸ்டாக்கை ரீச்சால் வகுத்தால் 1.5க்கு மேல் வருவது வசதி.

ஹாண்டில் குழாயின் சரிவையும் பாருங்கள். 70 முதல் 71 பாகை அளவில் சாய்ந்திருந்தால் உருளும் கிரவலில் முன்சில்லு நிதானமாகப் போகும். 72க்கு மேல் நிமிர்ந்தால் தாரில் சுறுசுறுப்பாகத் திரும்பும், மணலில் அங்குமிங்கும் இழுக்கும். 2022இல் தொடங்கிய உலகக் கிரவல் சம்பியன் போட்டி போன்ற பந்தயங்களுக்குச் செய்யும் பிரேம்கள் இந்த நிமிர்ந்த பக்கத்தை நாடுபவை. வன்னியின் நீண்ட ஓட்டத்துக்கு மற்றப் பக்கமே நல்லது.

உயரம் 160 செ.மீ.க்குக் குறைந்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள். பெடலை முன்னுக்கு நிறுத்தி, ஹாண்டிலைத் திருப்பி, பாதத்தின் முனை முன்சில்லில் முட்டுகிறதா என்று பாருங்கள். சிறிய பிரேமில் 622 சில்லும் அகல டயரும் போட்டால் முட்டும். தாரில் வேகமாகப் போகையில் இது பெரிதாகத் தெரியாது. மணலில் மெதுவாக வளைத்துத் திரும்பும்போது ஆளை விழுத்திவிடும். 584 சில்லுக்கென்று செய்த சிறிய பிரேம்களில் இந்தத் தொல்லை குறைவு.

ஐந்தாம் படி: உள்ளூரில் திருத்த முடியுமா?

பெடல் அச்சு பூட்டும் கூட்டில் மரை இருக்க வேண்டும். பிஎஸ்ஏ என்று சொல்லும் 68 மி.மீ. மரைக்கூடு பல ஆண்டுகளாக உலகெங்கும் பாவனையில் உள்ளது. அழுத்திப் பூட்டும் வகையில் மணலும் தண்ணீரும் போனால் கிறீச்சிடத் தொடங்கும். கழற்றவும் தனிக்கருவி வேண்டும். மரைக்கூட்டைக் கழற்றும்போது, செயின் பக்கத்து மரை எதிர்ப்பக்கம் சுற்றுவது என்பதைக் கடைக்காரருக்கு நினைவூட்டுங்கள். தெரியாமல் மற்றப் பக்கம் இறுக்கி மரையை அழித்தால் பிரேமே போய்விடும்.

பின்கியர் தொங்கும் சிறிய அலுமினியத் துண்டுக்கு ஹாங்கர் என்று பெயர். விழுந்தால் பிரேமைக் காப்பாற்றுவதற்காக அது முதலில் வளையும். பிரேமுக்குப் பிரேம் அதன் வடிவம் வேறு. பிரேம் வாங்கும் நாளிலேயே இன்னொரு ஹாங்கர் வாங்கி சீற்பைக்குள் போட்டு வையுங்கள். யுடிஎச் என்ற பொது வடிவத்தை ஏற்கும் பிரேம் என்றால் பிறகு தேடுவதும் இலகு.

கம்பிகள் பிரேமுக்கு வெளியால் ஓடுவது நல்லது. ஹாண்டில் பெயரிங்குக்குள்ளாலேயே கம்பி போகும் புதிய பிரேம்கள் பார்க்க அழகு. ஆனால் புழுதியில் அந்தப் பெயரிங் தேய்ந்து மாற்ற வேண்டி வரும்போது முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். பழைய மவுண்டன் பைக் பிரேமைத் தவிர மற்றதற்கு டிஸ்க் பிரேக் கட்டாயம் என்பேன், ஏனெனில் மணலும் சேறும் றிம்மைத் தேய்த்துவிடும். கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கை எந்தச் சைக்கிள் கடையிலும் சரிசெய்யலாம். எண்ணெயில் இயங்குவது பிடிப்பில் சிறந்தது. எடுத்தால் அந்த வகைக்குரிய எண்ணெயையும் சேர்த்து வாங்குங்கள். ஷிமானோவுக்கு மினரல் ஒயில். மோட்டார் சைக்கிள் பிரேக் ஒயிலை அதில் ஊற்றினால் றப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

ஆறாம் படி: எந்த உலோகம்?

நடுத்தர அளவுப் பிரேம் ஒன்று குரோமொலி இரும்பில் 2 முதல் 2.5 கிலோ, அலுமினியத்தில் 1.5 முதல் 1.8, கார்பனில் 1 முதல் 1.2 அளவில் நிற்கும். இரும்புக்கும் கார்பனுக்கும் ஒரு கிலோ சொச்சம் வித்தியாசம். வன்னியில் ஏற்றமே இல்லை என்று சொல்லலாம். சோளகக் காற்றை எதிர்த்து ஓடும்போது நிறை ஒரு பொருட்டல்ல, குனிந்து இருக்கும் நிலைதான் முக்கியம். இந்த வெயிலில் இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டு போனால் அந்த ஒரு கிலோவுக்கு மேல் வந்துவிடுகிறது.

சமவெளியில் பாரம் ஏற்றிப் பல வருடம் ஓட நினைப்பவருக்கு இரும்பு. அடிபட்டால் நெளியும், சட்டென்று முறியாது. ஆனால் ‘இரும்பு என்றால் எங்கேயும் வெல்டிங் அடிக்கலாம்’ என்ற பேச்சில் பாதிதான் உண்மை. குரோமொலிக் குழாயின் சுவர் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீற்றரைவிட மெல்லியது. கேற் அடிக்கும் கடையில் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும். காஸ் வைத்துப் பித்தளையால் ஒட்டத் தெரிந்த கைகாரரைத் தேட வேண்டும்.

ஆனையிறவு, நந்திக்கடல், முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்கள் இரும்பு எடுத்தால் உட்பக்கத் துருவைக் கவனியுங்கள். பெடல் கூட்டின் அடியில் தண்ணீர் வடியும் துளை இருக்க வேண்டும். குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் விசிற வேண்டும். இதைச் செய்ய மனமில்லை என்றால் அலுமினியத்துக்குப் போங்கள். விலைக்கு ஏற்ற பெறுமதி அதில்தான் கூட. அகல டயர் போட்டால் அதன் விறைப்பும் உறுத்தாது. வெடித்தால் மட்டும் திருத்த நினைக்காதீர்கள்: 6061 அலுமினியத்தை வெல்டிங் அடித்தபின் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் அந்த இடம் பலவீனமாகவே இருக்கும். கார்பன் ஓட அருமையானது. பஸ் கூரையிலும் லொறியிலும் மற்றச் சாமான்களோடு போய்வரும் சைக்கிளுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். டைட்டேனியம் துருப்பிடிக்காது, நெடுங்காலம் உழைக்கும். விலை தாங்குமென்றால் கரையோரத்துக்கு அதைவிட நல்லது இல்லை.

ஏழாம் படி: பூட்டும் துளைகள்

பின்கரியருக்கும் மட்காட்டுக்கும் தனித்தனித் துளை, மூன்று போத்தலுக்கு இடம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் காட்டுவீதிகளில் கடைக்குக் கடை தூரம் அதிகம் என்பதால் மூன்றாவது போத்தலை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எட்டாம் படி: பாவித்த பிரேமைச் சோதித்தல்

வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பினாலும் கொழும்பில் பாவித்தது வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். கீழ்க்குழாய் ஹாண்டில் குழாயோடு சேரும் இடத்தின் அடிப்பக்கம், பெடல் கூட்டைச் சுற்றியுள்ள ஒட்டுகள், சீற் இறுக்கும் இடம் ஆகிய மூன்றிலும் மயிரிழை வெடிப்புத் தேடுங்கள். பெயின்ற் கொப்பளித்திருந்தால் கீழே துரு இருக்கும். சீற் குழாயைக் கட்டாயம் வெளியே இழுத்துப் பாருங்கள். இரும்புப் பிரேமுக்குள் அலுமினியச் சீற் குழாய் கிறீஸ் இல்லாமல் கிடந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றுவதற்குள் பிரேம் வீணாகிவிடும்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சில்லு பூட்டும் ஒரு பக்கத்தில் கட்டி, ஹாண்டில் குழாயைச் சுற்றி எடுத்து வந்து, மற்றப் பக்கத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீற் பூட்டும் செங்குத்துக் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளவுங்கள். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை. மூன்று என்றால் விட்டுவிடுங்கள். கார்பன் பிரேம் என்றால் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் அங்கே உட்பக்கம் பிரிந்திருக்கலாம். சத்தம் ஒழுங்காக இருந்தாலும் அது முழு நிச்சயம் ஆகாது.

வாங்கிவிட்டீர்கள் என்றால், பூட்டும்போது சீற் குழாய்க்கும் பெடல் மரைக்கும் கிறீஸ் பூசச் சொல்லுங்கள். கார்பன் குழாய்க்கு மட்டும் கிறீஸுக்குப் பதில் அதற்கென்றுள்ள பசை. பின்சில்லுக்குப் போகும் கீழ்க்குழாய்களின் உட்பக்கத்தில் தடித்த பிளாஸ்ரிக் ரேப் ஒட்டுங்கள். நெருஞ்சி முள்ளுக்கு ரியூப்பில்லா டயரும், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் பாலும் நல்ல பதில்தான், ஆனால் இந்த வெக்கையில் பால் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். முதல் ஓட்டத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கிரவலில் வைத்து, திரும்பி வந்து எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிவிட்டு, அப்புறம் தூரம் போங்கள்.